கடிதமா, வெளிநடப்பா, சங்கமா? நிறுவனத்தின் அறத்தைப் பணியாளர்கள் காக்க எந்த வழி?

2018 ஜூன் 1 அன்று, கூகுளின் கிளவுட் (இணையவழிக் கணினிச் சேவை) பிரிவுக்குத் தலைமை வகித்த டயேன் கிரீன், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையுடனான ‘மேவன்’ ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிவடையும்போது அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று பணியாளர்களிடம் தெரிவித்தார். ட்ரோன்கள் படம்பிடிக்கும் காட்சிகளில் உள்ளவற்றைச் செயற்கை நுண்ணறிவால் இனங்காணும் திட்டம் அது. போர்த் தொழிலில் கூகுள் இறங்கக் கூடாது என்று கோரிய கடிதத்தில் ஏறத்தாழ நான்காயிரம் பணியாளர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் சுந்தர் பிச்சை வெளியிட்ட கொள்கை அறிக்கை, ஆயுதங்களுக்காகவும் பன்னாட்டு நெறிகளை மீறும் கண்காணிப்புக்காகவும் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதியளித்தது. தொழில்நுட்பத் துறையில் பணியாளர்கள் ஈட்டிய பெரும் வெற்றியாக அது அப்போது கொண்டாடப்பட்டது. 2025 பிப்ரவரி 4 அன்று அந்த உறுதிமொழி அறிக்கையிலிருந்து நீக்கப்பட்டது. அதை நீக்க நிறுவனம் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, ஏனெனில் அது எவருடனும் செய்துகொண்ட ஒப்பந்தமாக இருக்கவில்லை.

பணியாளர்கள் ஒன்றுகூடித் தங்கள் நிறுவனத்தை அறநெறிக்குக் கட்டுப்படுத்த முடியுமா என்று கேட்டால், இந்த ஏழாண்டுக் கதையைக் காட்டியே ‘முடியும்’ என்றும் சொல்லலாம், ‘முடியாது’ என்றும் சொல்லலாம். ஆகவே கேள்வியை வேறுவிதமாக வைப்பது நல்லது. தாம் எழுதும் நிரல் எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்டு கலங்கிய ஒரு பணியாளர் குழு, தன் முன்னே உள்ள வழிகளுள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? எதிர்க்கும் வேலையை அவ்வழி உண்மையிலேயே நிறுத்துகிறதா, மேலாளர்களும் சந்தை நிலவரமும் ஆட்சியும் மாறிய பிறகும் அந்தக் கட்டுப்பாடு நிற்குமா, அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்ற மூன்றையும் வைத்தே நான் இவ்வழிகளை எடைபோடுகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனம் எதை யாருக்கு விற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தேடுவதைவிட, ‘இந்த வேலையை நான் செய்ய மாட்டேன்’ என்று தண்டனைக்கு அஞ்சாமல் சொல்லும் உரிமையைச் சங்கத்தின் வழியே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே நிலைக்கக்கூடிய வழி. மற்ற வழிகள் அதற்குத் துணைபுரியலாம். அதன் இடத்தை நிரப்ப மாட்டா.

முதலில் கடிதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எல்லாக் குழுக்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மேவன் கடிதம் ஏன் வென்றது என்பதைப் பலரும் எண்ணிக்கையை வைத்தே நினைவுகூர்கிறார்கள். நான்காயிரம் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், அப்போது கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் ஏறத்தாழ 85,000 பேர் வேலை பார்த்தார்கள். இருபதில் ஒருவர்கூடக் கையொப்பமிடவில்லை. வெற்றியின் காரணம் வேறிடத்தில் இருந்தது. செயற்கை நுண்ணறிவு தெரிந்த ஆய்வாளர்களையும் பொறியாளர்களையும் பிடித்து வைக்க நிறுவனங்கள் முட்டிமோதிக்கொண்டிருந்த காலம் அது. ஒப்பந்தத்தின் மதிப்போ, கிரீன் பணியாளர்களிடம் சொன்னதாக வெளிவந்த செய்தியின்படி, 90 லட்சம் டாலர்தான். பின்னால் பெரிய ராணுவ ஒப்பந்தங்கள் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இருந்தபோதிலும், கையில் இருந்த சிறு தொகைக்காக அரிதான ஆட்களை இழப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

அதே மாதங்களில் நடந்து, கடிதத்தின் புகழில் மறைந்துபோன ஒரு நிகழ்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். ராணுவத்தின் ரகசியத் தரவுகளைப் பிற வாடிக்கையாளர்களின் தரவுகளிலிருந்து முற்றிலும் பிரித்து வைக்கும் பாதுகாப்பு வசதி ஒன்றை உருவாக்கும்படி கிளவுட் பிரிவின் பொறியாளர்களிடம் சொல்லப்பட்டபோது, அவர்களில் ஒன்பது பேர் அதைச் செய்ய மறுத்தார்கள் என்று 2018 ஜூனில் செய்தி வந்தது. உயர்மட்ட ராணுவ ஒப்பந்தங்களுக்குப் போட்டியிட வேண்டுமானால் அத்தகைய வசதி இருந்தாக வேண்டும். அக்டோபரில், ஆயிரம் கோடி டாலர் மதிப்புள்ள பென்டகனின் ‘ஜெடாய்’ கிளவுட் ஒப்பந்தப் போட்டியிலிருந்து கூகுள் விலகியது. தன் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைகளுக்கு அது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதும், ஒப்பந்தத்தின் சில பகுதிகளுக்கு வேண்டிய அரசுச் சான்றிதழ்கள் தன்னிடம் இல்லை என்பதும் நிறுவனம் கூறிய காரணங்கள். ஒன்பது பேரின் மறுப்புதான் இந்த விலகலுக்குக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நான்காயிரம் கையொப்பங்கள் ஒரு கருத்தைத் தெரிவித்தன. அந்த ஒன்பது பேர் ஒரு வேலையையே நிறுத்தி வைத்தார்கள். பேரத்தில் இவ்விரண்டுக்கும் உள்ள எடை ஒன்றல்ல.

கடிதத்தின் எல்லையை மைக்ரோசாப்ட் காட்டியது. 2018 நவம்பரில் அந்நிறுவனம் ‘ஹோலோலென்ஸ்’ கண்ணாடிகளைப் போர்வீரர்களுக்காக மாற்றியமைக்க அமெரிக்கத் தரைப்படையுடன் 47.9 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2019 பிப்ரவரியில் பணியாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். மக்களாட்சியில் நாம் தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்குத் தொழில்நுட்பத்தைத் தர மறுப்பதில்லை என்பது தங்கள் கொள்கை என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா பதிலளித்தார், வேலை தொடர்ந்தது. 2021-இல் கூகுளும் அமேசானும் இஸ்ரேல் அரசுடன் செய்துகொண்ட 120 கோடி டாலர் ‘நிம்பஸ்’ கிளவுட் ஒப்பந்தத்தை எதிர்த்து, இரண்டு நிறுவனங்களின் பணியாளர்களும் அவ்வாண்டு அக்டோபரில் பெயர் வெளியிடாமல் ஒரு கடிதத்தைப் பொதுவெளியில் வெளியிட்டார்கள். பெயர் வெளியிடாமல் எழுத வேண்டிய நிலைக்கு மூன்றே ஆண்டுகளில் அவர்கள் வந்திருந்தார்கள். எனவே கடிதம் மலிவானது, வேகமானது, தொகை சிறியதாகவும் ஆள் அரிதாகவும் இருக்கும்போது பலிக்கக்கூடியது. அது பெற்றுத்தரும் வாக்குறுதியை நிறுவனம் தானே எழுதுகிறது, தானே அழிக்கிறது.

அடுத்து வெளிநடப்பு. 2018 நவம்பர் 1 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 20,000 கூகுள் பணியாளர்கள் மேசையை விட்டு எழுந்து வெளியே வந்தார்கள். பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு ஆளான, ஆண்ட்ராய்டை உருவாக்கிய கூகுள் உயர் அதிகாரி ஆண்டி ரூபினுக்கு நிறுவனம் ஒன்பது கோடி டாலர் கொடுத்து வழியனுப்பியது என்ற செய்தி வெளியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, இத்தகைய புகார்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக விடாமல் தனியார் நடுவரிடம் கட்டாயமாகத் தள்ளும் விதியை நீக்குவது. ஒரு வாரத்தில் பாலியல் புகார்களுக்கும், 2019-இல் எல்லாப் பணியாளர் தகராறுகளுக்கும் அவ்விதியைக் கூகுள் கைவிட்டது. 2022 மார்ச்சில் பாலியல் புகார்களைப் பொறுத்தவரை அதை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டமே அமெரிக்காவில் வந்தது. அந்தச் சட்டத்துக்குக் காரணமானோர் பலர். இந்த வெளிநடப்பும் அதில் ஒரு பங்கு வகித்தது என்று சொல்வது மிகையாகாது. நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் பணியாளர் சார்பாளர் ஒருவர் வேண்டும் என்ற கோரிக்கையோ கண்டுகொள்ளப்படவே இல்லை. அமைப்பாளர்களான கிளேர் ஸ்டேபிள்டனும் மெரிடித் விட்டேக்கரும் தாங்கள் பழிவாங்கப்படுவதாக 2019 ஏப்ரலில் சொன்னார்கள். நிறுவனம் அதை மறுத்தது. கோடை முடிவதற்குள் இருவருமே வெளியேறியிருந்தார்கள்.

இந்த வெளிநடப்பையும் 2024-இல் நடந்த உள்ளிருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 16 அன்று நிம்பஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து நியூயார்க்கிலும் கலிபோர்னியாவின் சன்னிவேலிலும் உள்ள கூகுள் அலுவலகங்களில் பணியாளர்கள் அமர்ந்தார்கள். ஒன்பது பேர் கைதானார்கள். மறுநாள் 28 பேரின் வேலை போனது. அடுத்த சில நாட்களில் அந்த எண்ணிக்கை ஐம்பதை எட்டியது. ஒப்பந்தம் அசையவில்லை. இடையில் என்ன மாறியது? 2023 ஜனவரியில் மட்டும் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அரிதாக இருந்த ஆள் மலிந்துவிட்டார். சட்டத்தின் நிலையும் ஒரு காரணம். அமெரிக்காவின் 1935-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் இல்லாத பணியாளர்கள் தங்கள் வேலை நிலைமைக்காக ஒன்றுசேர்ந்து செயல்படுவதையும் பாதுகாக்கிறது. பாலியல் துன்புறுத்தல் ஐயமின்றி வேலை நிலைமை பற்றியது. தயாரிக்கும் பொருள் யாரிடம் போகிறது என்பது வேலை நிலைமையா? அதை நிறுவுவதற்குப் பணியாளர் நீண்ட வழக்கு நடத்த வேண்டியிருக்கும், அதுவும் வேலையை இழந்த பிறகு.

மைக்ரோசாப்டில் 2025-இல் நடந்ததைச் சொல்லி இதற்கு மறுப்பு எழுப்பலாம், மறுப்பு நியாயமானதே. பாலஸ்தீனர்களின் தொலைபேசி அழைப்புகளைப் பெருமளவில் சேமித்து வைக்க இஸ்ரேலிய ராணுவ உளவுப் பிரிவு ஒன்று அந்நிறுவனத்தின் அஷூர் கிளவுட் சேவையைப் பயன்படுத்துகிறது என்று ஆகஸ்டில் கார்டியன் நாளிதழும் அதன் கூட்டாளி ஏடுகளும் வெளியிட்டன. அம்மாதத்திலேயே நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான பிராட் ஸ்மித்தின் அறையில் பணியாளர்கள் அமர்ந்து போராடினார்கள், வேலையும் இழந்தார்கள். செப்டம்பர் 25 அன்று, இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்கு வழங்கிய சில சேவைகளை நிறுத்திவிட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. வேலை உண்மையிலேயே நின்ற நிகழ்வு இது. ஆனால் நிறுவனம் தன் முடிவுக்கு ஆதாரமாகச் சுட்டியது நாளிதழ் வெளியிட்ட செய்தியைத்தான். போராடியவர்களுக்கு வேலை திரும்பவில்லை. நிறுத்தப்பட்டதும் சில சேவைகள், ஒரு பிரிவுக்கு மட்டும். முதல் அளவுகோலில் இது பாதி வெற்றி. மூன்றாவதில், விலை முழுவதும் ஒரு சிலர் தலையில் விழுந்தது.

ராஜினாமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே மாதத்தில், கிடங்குத் தொழிலாளர்களுக்காகக் குரல்கொடுத்தவர்கள் நீக்கப்பட்டதைக் கண்டித்து அமேசானின் துணைத் தலைவர்களுள் ஒருவரான டிம் பிரே விலகினார். 1985-இல் கணினியியலாளர் டேவிட் பார்னஸ், ரீகன் அரசின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து, அதற்கு வேண்டிய மென்பொருளை நம்பத் தகுந்த முறையில் எழுதவே முடியாது என்று விளக்கிவிட்டு வெளியேறினார். பெயர் பெற்றவர் போகும்போது ஊர் கேட்கிறது. மற்றவர் போகும்போது நாற்காலி நிரம்புகிறது. மறுப்பவர் வெளியேறிவிட்டால் உள்ளே இருப்பவர்களில் மறுப்போரின் விகிதம் குறைகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எல்லோரும் ஒன்றாகப் போவோம் என்று மிரட்டினால்? அது எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2023 நவம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் நடந்ததே சான்று. தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மனை இயக்குநர் குழு நீக்கியதும், ஏறத்தாழ 770 பணியாளர்களில் 700-க்கும் மேற்பட்டோர் அவரைத் திரும்ப அழைக்காவிட்டால் மைக்ரோசாப்டுக்குப் போய்விடுவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். ஐந்து நாட்களுக்குள் அவர் திரும்பி வந்தார், குழுவில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். தொழில்நுட்ப வரலாற்றில் பணியாளர்களின் கூட்டு நடவடிக்கை இவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் வென்றது அரிது. ஆனால் அவர்கள் வீழ்த்தியது, இலாபத்தைவிட மனிதகுலத்தின் நன்மையை முன்வைக்கும் கடமை எழுத்தில் சுமத்தப்பட்டிருந்த ஒரு குழுவை. பணியாளர்கள் தங்கள் பங்குகளை, நிறுவனத்தை 8,600 கோடி டாலர் என மதிப்பிட்டு விற்கும் ஏற்பாடு அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்தது என்பதையும் மறந்துவிட முடியாது. குழு செய்தது சரியா தவறா என்பது தனி விவாதம். பணியாளர்களின் கூட்டு வலிமை அறத்தின் பக்கம்தான் சாயும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன். ஊதியத்தில் பெரும்பகுதி பங்குகளாக வரும் துறையில், பணியாளரும் ஒரு சிறு முதலாளியே.

உள்விஷயங்களை வெளியே சொல்வது இன்னொரு வழி. ஃபேஸ்புக்கின் ஆவணங்களுடன் அதன் முன்னாள் பணியாளர் பிரான்சிஸ் ஹாகன் 2021 அக்டோபரில் அமெரிக்க செனட் குழுவின் முன் அமர்ந்தபோது, நிறுவனத்துக்குள்ளேயே தெரிந்திருந்த தீங்குகள் உலகுக்குத் தெரியவந்தன. பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையத்திடம் புகார் அளித்ததால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பும் ஓரளவு இருந்தது. சட்டத்துக்குப் புறம்பானதைச் சொல்வோரைத்தான் இத்தகைய பாதுகாப்பு பெரும்பாலும் காக்கிறது. சட்டம் தடுக்காத, ஆனால் மனச்சாட்சி தடுக்கும் வேலைகளே நாம் பேசிக்கொண்டிருப்பவற்றுள் பெரும்பகுதி. 2024 ஜூனில் ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட் ஆகியவற்றின் இந்நாள், முன்னாள் பணியாளர்கள் 13 பேர், ஆபத்துகளைப் பற்றி எச்சரிக்கும் உரிமை வேண்டும் என்று எழுதியதன் பின்னணியும் இதுவே. 2025 செப்டம்பரில் கலிபோர்னியா இயற்றிய சட்டம், முன்னணி செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களில் பேராபத்தைச் சுட்டிக்காட்டும் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், எனினும் இது அடிப்படையில் தனிமனிதர் செல்லும் பாதை. நடந்து முடிந்ததை வெளிக்கொணரும். நடக்கவிருப்பதைத் தடுக்கக் குறைவாகவே உதவும்.

மருத்துவரைப் போல, கட்டடப் பொறியாளரைப் போல மென்பொருள் எழுதுவோருக்கும் உரிமம் வேண்டும், அறநெறியை மீறினால் உரிமம் பறிபோக வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களுக்கான தொழில்முறை உரிமத் தேர்வு 2013-இல் தொடங்கி 2019-இல் கைவிடப்பட்டது; அவ்வளவு காலத்திலும் எழுதியவர்கள் மொத்தம் 81 பேர். பாலத்தின் வரைபடத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிடாவிட்டால் அரசு அதை ஏற்பதில்லை. மென்பொருளுக்கு அப்படி ஒரு வாசற்காவல் இல்லாதவரை உரிமத்தை யாரும் தேடிப் போகப் போவதில்லை. கணினியியலாளர் சங்கமான ஏசிஎம் 2018-இல் புதுப்பித்த அறநெறித் தொகுப்பைப் படிக்கச் செய்தும், மாணவர்களும் தொழிலில் இருப்போரும் எடுத்த முடிவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று அதே ஆண்டில் ஓர் ஆய்வு கண்டது. எனக்கு அதில் வியப்பில்லை. ஃபோக்ஸ்வாகனின் புகைச் சோதனை மோசடியில் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளர் 2017-இல் 40 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். ஏமாற்று மென்பொருளை எழுதுவது தவறு என்பதை அறிய யாருக்கும் நெறித்தொகுப்பு தேவைப்பட்டிருக்காது. முடியாது என்று சொன்ன பிறகும் வேலையில் நீடிக்க முடியும் என்ற உறுதிதான் தேவைப்பட்டிருக்கும்.

பங்குதாரர் தீர்மானத்தை அமேசான் பணியாளர்கள் முயன்றார்கள். பருவநிலைத் திட்டம் கோரி 2019-இல் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் மே மாதக் கூட்டத்தில் தோற்றது. ஆனால் செப்டம்பர் 20 அன்று வெளிநடப்பு செய்யப் போவதாக அவர்கள் அறிவித்திருக்க, அதற்கு முந்தைய நாள் ஜெஃப் பெசோஸ் 2040-க்குள் கரிம நடுநிலை அடைவோம் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அக்குழுவை முன்னின்று நடத்திய எமிலி கன்னிங்காமும் மாரன் கோஸ்டாவும் நீக்கப்பட்டார்கள். தொழிலாளர் வாரியத்தின் முன் 2021-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் அவர்களுக்கு ஊதிய நிலுவையைக் கொடுத்தது. தீர்மானம் தோற்றும் பயன் தந்தது என்றால், அது வெளிநடப்புக்கு ஆள் திரட்டிய விதத்தில்தான்.

இனிச் சங்கம். இங்கே அரைநூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1974-இல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆலைக்குச் சிலி நாட்டு விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் போர்விமான எஞ்சின்கள் பழுதுபார்க்க வந்தன. முந்தைய ஆண்டு செப்டம்பர் 11 அன்று சிலி அதிபர் அயெந்தேயின் அரசை ராணுவம் கவிழ்த்தபோது சான்டியாகோவின் அதிபர் மாளிகையைக் குண்டுவீசித் தாக்கியவை அவ்வகை விமானங்களே. ஆலையில் ஆய்வாளராக இருந்த பாப் ஃபுல்டன் அவற்றைத் தொட மறுத்தார். அவருடைய சங்கம் அந்த மறுப்பைத் தன் முடிவாக ஏற்றது. எஞ்சின்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆலை வளாகத்தில் பெட்டிகளில் கிடந்து துருவேறின. ஃபுல்டனுடைய வேலை போகவில்லை, ஏனெனில் அவரை நீக்கினால் ஆலை நின்றுவிடும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். ரோல்ஸ்-ராய்ஸ் சிலிக்கு எதுவும் விற்கக் கூடாது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. தங்கள் கை அந்த வேலையில் படாது என்று சொல்ல முடிந்தது, எஞ்சின்கள் நின்றன.

தொழில்நுட்பத் துறையின் சங்கங்கள் இன்னும் அந்த இடத்தை எட்டவில்லை. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆல்ஃபபெட் தொழிலாளர் சங்கம் வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்ற சங்கமாக அமையவில்லை. ஆகவே அதனுடன் பேரம் பேச நிறுவனத்துக்குச் சட்டக் கடமை இல்லை. கூட்டுநிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் கதை வேறு. ஒரு சித்திரக்கதைத் திட்டத்தை நிர்வாகம் நீக்க முற்பட்டபோது 2018-இல் எழுந்த கருத்து மோதல்தான் அங்கே சங்கத்தின் விதை. 2020 பிப்ரவரியில் 46-க்கு 37 என்ற வாக்குகளில் சங்கம் வென்றது. 2022-இல் முதல் ஒப்பந்தமும் கையொப்பமானது. கூகுளுக்காக யூடியூப் மியூசிக்கில் வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர்கள் டெக்சஸின் ஆஸ்டினில் 2023-இல் 41-க்குச் சுழியம் என்ற வாக்குகளில் சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், அவர்களில் ஒருவர் நகர மன்றத்தில் தங்கள் நிலையை விளக்கிக்கொண்டிருந்தபோதே அனைவரின் வேலையும் முடிந்ததாகச் செய்தி வந்தது. சம்பளப் பட்டியலில் அவர்களின் முதலாளி காக்னிசன்ட். 2019 மார்ச்சில் கூகுளின் நேரடிப் பணியாளர்கள் ஏறத்தாழ 1,02,000 என்றால், இப்படித் தற்காலிகமாகவும் ஒப்பந்தத்திலும் வேலை பார்த்தோர் 1,21,000 பேர். நேரடிப் பணியாளர்கள் மட்டும் சேரும் எந்தச் சங்கமும் அரைக்கதவை மட்டுமே பூட்டுகிறது.

அமெரிக்கச் சட்டம் சங்கத்துக்கு வேறொரு தடையையும் வைக்கிறது. ஊதியம், வேலைநேரம், வேலை நிபந்தனைகள் ஆகியவற்றில்தான் நிறுவனம் பேரம் பேசியாக வேண்டும். என்ன தயாரிப்பது, யாருக்கு விற்பது என்பன நிர்வாகத்தின் தனி முடிவுகளாகக் கருதப்படுகின்றன. அவற்றைப் பற்றிப் பேசச் சங்கம் கேட்கலாம், நிறுவனம் மறுக்கலாம். பலர் இந்த இடத்தில் சங்கத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வேலையை ஒரு பணியாளர் ஏற்க வேண்டுமா, மறுத்தால் அவருக்குத் தண்டனை உண்டா என்பது வேலை நிபந்தனைதானே? கோரிக்கையை அப்படி வடிவமைத்தால், பேரத்துக்கு உட்பட்டது என்று வாதிட வலுவான இடம் கிடைக்கிறது. இதற்கு முன்மாதிரிகளும் உண்டு. அமெரிக்கச் செய்தியாளர் சங்கங்களின் ஒப்பந்தங்கள் பலவற்றில், தம் பெயரைக் கட்டுரையின் மேல் போட விடாமல் மறுக்கும் உரிமை செய்தியாளருக்கு இருக்கிறது. 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் பெற்ற ஒப்பந்தப்படி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைத் தயாரிப்பு நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. கொள்கை அறிக்கையைப் போல ஒரு நாள் காலையில் இதை இணையதளத்திலிருந்து எடுத்துவிட முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை மீறலுக்கு முறையீடு உண்டு.

இந்தப் பொறியாளர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இவ்வழிகள் எல்லாவற்றுக்கும் எதிராக வைக்கப்படும் வலுவான கேள்வி. நாதெள்ளாவின் பதிலின் உள்ளே இருப்பதும் அதுதான். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு என்ன வாங்கலாம் என்பதை, நல்ல ஊதியம் பெறும் சில ஆயிரம் பேர் தடுப்பது சரியா? நிறுவனம் முழுவதையும் தடுக்கும் அதிகாரத்தைப் பணியாளர்கள் கேட்டால், இக்கேள்விக்கு எளிதான விடை இல்லை என்றே நினைக்கிறேன். நாளை வேறொரு பெரும்பான்மை வேறொரு திசையில் தடுக்கும். மறுக்கும் உரிமை அப்படிப்பட்டதன்று. அரசு தனக்கு வேண்டியதை வாங்கலாம், நிறுவனம் விற்கலாம், செய்ய விரும்புவோர் செய்யலாம். விரும்பாதவர் விலகி நிற்கலாம். அமெரிக்காவில் 1973 முதல், கருக்கலைப்பில் பங்கேற்க மறுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கு இத்தகைய பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பை ஆதரிப்போர் பலருக்கு ட்ரோன் நிரலை மறுப்பவரைப் பிடிக்காது, மறுதலையாகவும் அப்படியே. மனச்சாட்சி உரிமை என்றால் அதுதான். மறுப்போர் சிலராக இருந்தால் வேலை வேறு கைகளால் நடந்துவிடும். பலராகவும் அத்திறன் அரிதாகவும் இருந்தால் வேலை நின்றுவிடும். எவ்வளவு பேர் மறுக்கிறார்கள் என்பதை வேலையின் தன்மையே தீர்மானிக்கட்டும்.

எனவே கலங்கி நிற்கும் குழுவுக்கு நான் சொல்லும் வரிசை இது. கடிதம் எழுதுங்கள், ஆனால் அதை நிர்வாகத்துக்கான மனுவாக எண்ணாமல், யார் யார் உடன் நிற்பார்கள் என்று கண்டறியும் கருவியாக எண்ணி எழுதுங்கள். கையொப்பமிட்டவர்களை, ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து, சங்கமாக்குங்கள். சிறுபான்மைச் சங்கமானாலும் சரி. சட்டமீறல் கண்ணில் பட்டால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு ஒழுங்காற்று அமைப்பிடம் செல்லுங்கள். உள்ளிருப்புப் போராட்டத்தை, பின்னால் நிற்கச் சங்கம் இல்லாத நிலையில், கைக்கொள்ளாதீர்கள். 2024-இல் ஐம்பது பேர் கொடுத்த விலை அதற்குக் காரணம். ராஜினாமா கடைசியில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று மறுக்கும் உரிமை. மற்றது, செய்யும் வேலையின் இறுதி வாடிக்கையாளர் யார், அது எதற்குப் பயன்படும் என்பதை அறியும் உரிமை. இதைப் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள். மேவன் திட்டத்தைப் பற்றிப் பெரும்பாலான பணியாளர்கள் அறிந்தது அது தொடங்கிப் பல மாதங்களுக்குப் பிறகுதான். நிம்பஸ் போன்ற பொதுவான கிளவுட் ஒப்பந்தத்தில், எந்த அமைச்சகம் எதை ஓட்டுகிறது என்று நிரல் எழுதியவருக்குத் தெரியவே தெரியாது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோருக்கு இது இன்னும் பொருந்தும், ஏனெனில் அவர்களுக்கும் இறுதிப் பயனாளிக்கும் இடையே இரண்டு மூன்று நிறுவனங்கள் நிற்கின்றன, ஆவணங்களில் வாடிக்கையாளரின் பெயரே சில நேரம் இருப்பதில்லை. தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்பதைத் தமிழ்நாடு அரசு 2016-இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அதன் பிறகு அங்கே எழுந்த சங்கங்கள் ஆட்குறைப்பையும் கட்டாய ராஜினாமாவையும் எதிர்த்தே பெரிதும் போராடி வந்திருக்கின்றன, அதற்கு நியாயமும் உண்டு. வேலை நிலைக்காதவர் வேலையின் நோக்கத்தைக் கேட்கத் துணிய மாட்டார். அச்சங்கங்கள் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் இறுதி வாடிக்கையாளரை அறியும் உரிமை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு யாருடைய சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.